கீழ்நோக்கிய கிணறு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். மனுஷர் தங்கமானவர்தான், ஆனால் கிறுக்கு ஒன்று தலைக்கேறிவிட்டால் அன்றைக்கு ஊர் படும்பாடு சொல்லி முடியாது. அப்படி ஒருநாள், "இனிமேல் சாசனத்தில் உள்ள சொல்லுக்கு எழுத்துப்படியேதான் பொருள்" என்று உத்தரவு போட்டார்.

அரண்மனைச் சாசனங்களை எழுதும் ஓலைநாயகம் மழவராயருக்கு வாயெல்லாம் பல். செத்துப்போன தோட்டக்காரனின் மனைவி வெள்ளச்சியின் மாமரத்தின் மேல் அவருக்கு நெடுநாளாகக் கண். எல்லார் சாசனத்திலும் இருப்பதுபோல அவள் மனைச் சாசனத்திலும் "மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் உட்பட" என்று இருந்தது. மரமோ புயலில் சாய்ந்து பக்கவாட்டில் வளர்ந்தது.

"மேலே பார்க்காத மரம் அவளுடையதல்ல, மகாராஜா. நாளை மறுநாள் வெட்டிக் கட்டில் செய்துகொள்கிறேன்" என்றார் மழவராயர். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

வெள்ளச்சி அரண்மனை விகடகவி தோழப்பனிடம் ஓடிவந்தாள்.

"சாஞ்ச மாங்கன்ன எம் புருசன்தான் முட்டுக்கொடுத்துக் காப்பாத்துனாரு சாமி. மறுமாசமே காச்சல்ல போயிட்டாரு. அதுகிட்ட ஒக்காந்து பேசிக்கிட்டேதான் தெனம் ஒரு வாய் சாப்புடுவேன். அதையும் வெட்டிட்டா நான் யார்கிட்ட பேசுவேன்?"

ஊரையே சிரிக்க வைக்கும் தோழப்பனுக்கு அன்று சிரிப்பே வரவில்லை. "போய்ச் சோறாக்கு தாயி. மரம் எங்கேயும் போகாது" என்று அனுப்பிவைத்தான். சொல்லிவிட்டானே தவிர, வழி ஒன்றும் தோன்றவில்லை. தாகமெடுத்துத் தண்ணீர் இறைக்கப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் ராஜாவை மழவராயர் வீட்டுக் கிணற்றடிக்கு அழைத்துப் போனான்.

"உள்ளே யார் தெரிகிறார், மகாராஜா?"

"நான்தான்."

"அங்கிருந்து எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள்?"

ராஜா இன்னும் கொஞ்சம் குனிந்தார். "மேலே. வானமும் தெரிகிறதே."

"அப்படியானால் இது மேல்நோக்கிய கிணறு. மழவராயர் சாசனத்தில் இருப்பதோ கீழ்நோக்கிய கிணறு. எழுத்துப்படி இது அவருடையதல்ல. இன்று முதல் ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் சுமக்கட்டும்."

மழவராயர் பதறிப்போனார். "மகாராஜா, அது எல்லாச் சாசனத்திலும் வழக்கமாக எழுதுவது. மனையில் நிற்கும் மரம், வெட்டிய கிணறு எல்லாமே சேர்த்தி என்றுதான் அதற்கு அர்த்தம்."

"வெள்ளச்சியும் அதைத்தான் சொல்கிறாள்" என்றான் தோழப்பன்.

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தோழப்பனுக்குப் போட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றார். அவன் கேட்டபடி வெள்ளச்சியின் சாசனத்தில் தம் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்.

தோழப்பன் அதை மாமரத்தடியில் வாசித்துக் காட்டினான்: "மேல்நோக்கிய மரமும், கீழ்நோக்கிய கிணறும், வெள்ளச்சி பக்கம் சாய்ந்த மரமும் உட்பட."

எழுத்தறியாத வெள்ளச்சி இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டு, மரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரே ஒரு தரம், கொஞ்சம் சத்தமா வாசிங்க சாமி. அவருக்கும் கேக்கட்டும்."