மொட்டு விட்ட பிறகு நகர்த்தக் கூடாது

கொம்புமலையில் வெள்ளையடிக்கிற அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவன் ஞானாதிக்கம், அடுத்தவன் சவரியப்பன், கடைசி இஞ்ஞாசி. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. சொன்ன சொல்லை அப்படியே கேட்பார்கள். வினை அதில்தான் இருந்தது.

ஞானாதிக்கத்துக்கு நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்த பிலோமினா மேல் உயிர். முப்பத்தாறு வயதில் முதல்முறையாக ஒரு பெண்ணிடம் வாய் திறந்து கேட்டான். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஒரு சின்னத் தொட்டியைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். கிறிஸ்துமஸ் கள்ளி. முள் கிடையாது. தட்டைத் தட்டையான துண்டுகளைக் கோத்துத் தொங்கவிட்டது போல இருந்தது.

“இதை நல்லா வளர்த்து, கிறிஸ்துமஸ் அன்னிக்குப் பூவோட கோவிலுக்குக் கொண்டு வாங்க. பூத்திருந்தா எங்கப்பாகிட்ட நானே பேசறேன். பூக்கலைன்னா இந்தப் பேச்சே வேண்டாம்” என்றாள். “மேல் மண் காஞ்சாத்தான் தண்ணி. தினமும் பதினாலு மணி நேரம் கும்மிருட்டு, பத்து மணி நேரம் வெளிச்சம். மொட்டு விட்ட பிறகு மட்டும் இருக்கிற இடத்தை விட்டு நகர்த்தவே கூடாது. உதிர்ந்துடும்.”

அப்போது அக்டோபர் பாதி. தொட்டியை வீட்டின் ஒரே அறையில் ஜன்னலோரம் வைத்துவிட்டு மூவரும் கூடிப் பேசினார்கள்.

“ஜன்னலைச் சாத்தினாப் போதாதா அண்ணே?” என்றான் இஞ்ஞாசி.

“அது ஜன்னல் சாத்தறது. அந்தப் பொண்ணு இருட்டு கேட்டுச்சு” என்றான் ஞானாதிக்கம். “வெள்ளையடிச்சா வெளிச்சம் வரும்னு ஊர் பூரா நாமதானே சொல்லி அடிக்கிறோம். அப்ப இருட்டு எதுல வரும்?”

சவரியப்பன் நெடுநேரம் கூரையைப் பார்த்துவிட்டு, “கறுப்படிச்சா” என்றான். அவன் அறிவாளி என்று அந்தக் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு.

அன்றிலிருந்து மாலை ஆறு மணிக்கு அடுப்புக்கரியைக் கரைத்து அறை முழுக்கக் கறுப்படித்தார்கள். காலை எட்டு மணிக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வெளி வேலைக்குப் போக நேரமே இல்லை.

தண்ணீரிலும் சிக்கல் வந்தது. மேல் மண் காய்வேனா என்றது. செடி தாகத்தில் தவிக்குமே என்று இஞ்ஞாசிக்கு மனசு கேட்கவில்லை. மேல் மண்ணை வழித்து முறத்தில் போட்டு வெயிலில் காயவைத்தான். காய்ந்ததும் தொட்டியில் திரும்பப் போட்டுத் தண்ணீர் ஊற்றினான். செடி எப்படிப் பிழைத்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

இதற்குள், நாளுக்கு இரண்டு பூச்சு என்று ஏறி ஏறி, அறை சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் கட்டில் வெளியே போனது. பிறகு பெட்டி. நவம்பர் கடைசியில் உள்ளே நின்று வெள்ளையடிக்கிற மட்டையை ஆட்டக்கூட இடமில்லை. சரி, செடியை மாட்டுக் கொட்டகையில் வைக்கலாம் என்று ஞானாதிக்கம் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, இரண்டு காலையும் நிலைப்படி மேல் வைத்தான்.

“அண்ணே, அசையாதே!” என்று அலறினான் சவரியப்பன். “மொட்டு!”

நுனியில் குன்றிமணி அளவுக்குச் சிவப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது.

“உள்ள கொண்டுபோய் வச்சுடட்டுமா?”

“மொட்டு விட்டாச்சே. நகர்த்தக் கூடாது.”

“கீழயாவது வைக்கட்டுமா?”

“கீழ வந்தாலும் நகர்ந்த கணக்குதான்.”

“நான் கொஞ்ச நேரம் பிடிக்கிறேன் அண்ணே” என்று கை நீட்டினான் இஞ்ஞாசி. கை மாறினால் இடம் மாறும் என்று இரண்டு அண்ணன்மாரும் அவனை விரட்டினார்கள்.

ஞானாதிக்கம் நிலைப்படியிலேயே நின்றான். இருபத்தேழு நாள். சோறு ஊட்டினார்கள், சவரம் செய்தார்கள், நிலையில் சாய்ந்து தூங்கினான். மற்ற விஷயங்களை நாகரிகம் கருதி விட்டுவிடுகிறேன். கை மரத்துப்போகும்போதெல்லாம் “பிலோமினா, பிலோமினா” என்று சொல்லிக்கொள்வான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம் பெரிய இடி விழுந்தது. பூவைக் கோவிலுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் இடத்தை விட்டு நகர்த்தக் கூடாது. ஞானாதிக்கம் அழுதேவிட்டான்.

சவரியப்பன் மறுபடி கூரையைப் பார்த்தான். “அண்ணே, தொட்டி எந்த இடத்துல இருக்கு?”

“நிலையில.”

“அப்ப நிலையைக் கொண்டு போனா?”

கடப்பாரையால் நிலையைக் கதவோடு பெயர்த்தார்கள். சுவர் விழவில்லை. சுண்ணாம்பு அவ்வளவு கனம். சப்பரம் தூக்குகிற எட்டுப் பேர் வந்தார்கள். எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மறுநாள் காலை, பூசை முடிகிற நேரத்தில், நிலையும் கதவும் அண்ணனும் பூவுமாகக் கோவிலுக்குள் நுழைந்து, நடுவழியில் இறக்கினார்கள்.

ஒவ்வொரு நுனியிலும் ரோஸ் நிறப் பூ தொங்கியது. பிலோமினாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கண் கலங்கிவிட்டது.

“அப்பா, சொன்னதைச் சொன்னபடி கேக்கற ஆளுப்பா” என்றாள்.

“அதான் எனக்கும் பயமா இருக்கு” என்றார் அவள் அப்பா மத்தியாஸ். ஆனாலும் மகள் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

“போதும், தொட்டியைக் கீழ வச்சுட்டு இங்க வாங்க” என்றாள் பிலோமினா.

ஞானாதிக்கம் தொட்டியை இறக்கி வைத்துவிட்டு, கால் பின்ன அவளை நோக்கி நடந்தான்.

“வீட்டைத் திறந்து போட்டுட்டா போறே?” என்று சவரியப்பன் கத்தினான். அண்ணன் சந்தோஷத்தில் மறந்துவிட்டான். திரும்பி வந்து கதவைச் சாத்தி, அதில் தொங்கிய பூட்டை அமுக்கிப் பூட்டிவிட்டுப் போனான்.

பூசை முடிந்தது. வீட்டுக்குக் கிளம்பிய ஜனம் கதவுக்கு முன்னால் வந்து நின்றது. இருபக்கமும் ஆறடி வழி இருந்தது. ஆனால் கதவு பூட்டியிருந்தது. வரிசை பீடம் வரை நீண்டதும் சாமியார் இறங்கி வந்தார்.

“சாவி எங்கப்பா?”

“வீட்டுக்குள்ள ஆணியில மாட்டியிருக்கு சாமி” என்றான் இஞ்ஞாசி.

“ஓடிப்போய் எடுத்துட்டு வா.”

“எப்படி சாமி எடுக்கறது? வீடுதான் பூட்டியிருக்கே.”

சாமியார் யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. எல்லாரும் திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள்.