விகாரி வருஷம் மாசி மாதம்

முன்னொரு காலத்தில் பூங்குன்ற நாட்டைச் சூரகேசரி என்றொரு மகாராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஓர் ஆசை, மாலையில் வேறோர் ஆசை. ஒரு மாதம் அரண்மனை முழுக்கக் கிளி வளர்த்தார். அடுத்த மாதம் கிளிச் சத்தத்தில் தலை வலிக்கிறது என்று அத்தனையையும் பறக்கவிட்டார். அப்படிப்பட்டவரின் கண் ஒருநாள் சுவடிச்சாலைமேல் விழுந்தது.

"இங்கே இருக்கும் ஒவ்வொரு ஓலையும் எந்த வருஷம், எந்த மாதம் எழுதப்பட்டது என்று எனக்கு அட்டவணை வேண்டும்!" என்று கட்டளை போட்டார்.

வேலை அமைச்சர் இளவழுதியின் தலையில் விழுந்தது. அவரும் தும்மிக்கொண்டே ஒவ்வொரு ஓலையாகப் பிரித்துப் படித்தார். ஓலையில் தேதி இருந்தால் இருந்தபடியே எழுதினார். இல்லையென்றால் எழுத்தின் சாயலையும் அதில் வரும் ஆட்களின் பெயரையும் வைத்து ஊகித்தார். ஊகித்ததை உள்ளதோடு கலக்காமல், இருபுறமும் கோடு போட்டுத் தனியே காட்டினார். ஒன்றும் பிடிபடாத இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதிவிட்டார்.

அட்டவணையைப் பார்த்த மகாராஜாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இருக்கலாம், இருக்கலாம், இருக்கலாம்! என்னய்யா இது? நான் ராஜாவாக இருக்கலாமா, இல்லை அதுவும் சந்தேகமா?"

"தாங்கள் ராஜா என்பது நாடே கண்ணால் பார்க்கிற விஷயம், பிரபு. இந்த ஓலைகளை எழுதும்போது நான் பக்கத்தில் இல்லையே."

இந்தச் சமயத்துக்காகவே காத்திருந்தவர் வித்தகராயர். அரசவையில் பெரிய பதவி வகித்தவர். ஆனாலும் அமைச்சர் நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். அவர் முன்னால் வந்து கும்பிட்டார்.

"மகாராஜா, தெரியவில்லை என்று சொல்வதற்கு ஓர் அமைச்சர் எதற்கு? என்னிடம் கொடுங்கள். ஒரு கோடு, ஒரு சந்தேகம் இல்லாமல் முடித்துத் தருகிறேன்."

"முடித்துவிட்டால் அமைச்சர் பதவி உமக்கு. இளவழுதி நாட்டைவிட்டே போகட்டும்!" என்றார் மகாராஜா.

வித்தகராயர் வேலையில் புயலாக இறங்கினார். எழுத்தர்களைக் கூப்பிட்டு ஒரே ஒரு விதி சொன்னார்: "வருஷத்தின் பெயரைப் பார். அந்தப் பெயரில் கடைசியாக வந்த வருஷம் எதுவோ, அதைப் போடு. நம் மகாராஜா பட்டத்துக்கு வந்து எத்தனையாவது ஆண்டு என்பதையும் சேர்த்து எழுது; அவர் மனம் குளிரும். பெயரே இல்லையா? உனக்குத் தோன்றியதைப் போடு."

அட்டவணை பளபளவென்று வந்து சேர்ந்தது. மகாராஜா இரண்டு ஏட்டைப் புரட்டினார், பூரித்தார், முத்திரையைக் குத்தினார். எல்லாரும் பார்க்கட்டும் என்று அதைக் கொலு மண்டபத்தில் வைக்கச் சொன்னார். மறுநாள் சபையில் இளவழுதிக்கு விடைகொடுப்பதாக ஏற்பாடு.

அன்று பிற்பகல் இளவழுதி அந்த மண்டபத்துக்குப் போனார். ஊரைவிட்டுப் போகிறோமே என்ற துக்கம் இருந்தது. ஆனாலும் அந்த அட்டவணையை ஒரு வரி விடாமல் படித்தார். ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. திரும்பவும் படித்தார். வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

மறுநாள் காலை தலைப்பாகை இல்லாமல், நகை இல்லாமல், வெறும் வெள்ளை வேட்டியோடு அவர் புறப்பட்டதைப் பார்த்து அவர் மனைவி வடிவாம்பிகை பதறிப்போனாள்.

"இழவு வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கிறதே! யார் செத்தது?"

"மகாராஜா."

"ஐயையோ!"

"சத்தம் போடாதே. சபைக்கு வந்திருப்பார், அவரையே கேட்டுக்கொள்கிறேன்."

சபை நிறைந்திருந்தது. இளவழுதி நேராக வந்து நின்றார். மகாராஜாவை வணங்கவில்லை. சிம்மாசனத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"என்ன திமிர்! வணங்காமல் நிற்கிறீர்?"

"யாரை வணங்குவது? மகாராஜா சூரகேசரி காலமாகி மூன்று வருஷம் ஆகிறதே. செத்தவர் போட்ட கட்டளைப்படி நான் ஏன் நாட்டைவிட்டுப் போகவேண்டும் என்றுதான் கேட்க வந்தேன்."

வாள்கள் உருவப்பட்டன. இளவழுதியின் குரல் நடுங்கவில்லை.

"நான் சொல்லவில்லை. வித்தகராயரின் அட்டவணை சொல்கிறது. அவரே படிக்கட்டும்."

வித்தகராயர் ஏட்டைத் திருப்பினார். மார்கழிக் குளிரிலும் அவருக்கு வியர்த்தது.

"ம், படியும்!" என்றார் மகாராஜா.

"மகாராஜா சூரகேசரி... இறைவனடி சேர்ந்த செய்தி. விகாரி வருஷம், மாசி மாதம். நம் மன்னர் பட்டத்துக்கு வந்த... பதினோராம் ஆண்டு."

"அடியில் தங்கள் முத்திரையும் இருக்கிறது, பிரபு," என்றார் இளவழுதி பணிவாக. "தாங்கள் காலமானதைத் தாங்களே உறுதி செய்திருக்கிறீர்கள்."

மகாராஜா தன் மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எழுத்தர் செய்த பிழை..." என்று முனகினார் வித்தகராயர்.

"பிழை எழுத்தரிடம் இல்லை. விகாரி அறுபது வருஷத்துக்கு ஒருமுறை சுற்றி வரும். மகாராஜாவுக்கு வைத்ததோ அவருடைய பாட்டனார் பெயர். ஓலையில் இருப்பது 'விகாரி, மாசி, சூரகேசரி' மட்டும்தான். அதை மட்டும் எழுதிவிட்டு, 'பாட்டனாராக இருக்கலாம்' என்று தனியே கோடு போட்டிருந்தால் இன்று நம் மகாராஜா சாகவேண்டியிருக்காது."

அப்புறம் மகாராஜா சிரித்தார் பாருங்கள், கிரீடம் நழுவிக் காதில் தொங்கும்வரை சிரித்தார். சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்து இளவழுதியை அணைத்துக்கொண்டார்.

"என்னை உயிர்ப்பித்தவர் நீர். முத்திரை மோதிரம் இனி உம் கையிலேயே இருக்கட்டும். நான் எதையாவது படிக்காமல் ஒப்புதல் கொடுத்தால் மறித்து அந்த ஓலையைப் பிடுங்கும்!"

வித்தகராயருக்கும் ஓர் உத்தியோகம் கிடைத்தது. சுவடிச்சாலையில் உட்கார்ந்து எல்லா ஓலைகளையும் முதலிலிருந்து படிக்கவேண்டும். தேதி பிடிபடாதவற்றை வெள்ளிக்கிழமைதோறும் சபை நடுவில் நின்று சொல்லவேண்டும். முதல் வெள்ளிக்கிழமை அவர் எழுந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார். கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"கொஞ்சம் உரக்க!" என்றார் மகாராஜா.

"தெரியவில்லை, பிரபு!" என்று கத்தினார் வித்தகராயர். பூங்குன்றத்துச் சபை எழுந்து நின்று கைதட்டியது.