காவல் குரங்கின் இருமல்

குளத்தங்கரை நாவல் மரத்தின் உச்சியில் நெட்டைவாலன் என்ற குரங்கு காவல் இருந்தது. கீழே புள்ளிமான்கள் மேயும். புலியின் வால் நுனி தெரிந்தால் போதும், "க்கா! க்கா!" என்று குரங்கு கத்தும். மான்கள் சிட்டாய்ப் பறந்துவிடும். மற்ற வேளையில் அது இளந்தழைகளை ஒடித்துக் கீழே போடும். மான்கள் தின்று வாழ்த்தும்.

அந்தக் காட்டுக்கு நரி ஒரு புதுப் பழக்கத்தைக் கொண்டுவந்தது. காய்ந்த இலையைச் சுருட்டி, தணலில் பற்றவைத்து, புகையை இழுப்பது! ஒரு சுருட்டுக்கு ஒரு பழம் விலை. நெட்டைவாலன் சும்மா ஒன்று இழுத்துப் பார்த்தது. ஒரு மாதத்தில் அது நாளுக்குப் பத்தானது.

ஒரு நாள் காலையில் புலி வந்தது. குரங்கு கத்த வாயைத் திறந்தது.

"லொக்! லொக்! லொக்!"

பொட்டழகி என்ற மான் அண்ணாந்து பார்த்தது. "என்ன அண்ணே, கொட்டை தொண்டையில் சிக்கிக்கொண்டதா?"

நல்ல வேளையாக ஒரு காட்டுக்கோழி அலறியது. மான்கள் தப்பின.

செய்தி யானைத் தலைவியிடம் போனது. அது காட்டையே கூட்டியது. "இன்று முதல் புகைக்கு அடியோடு தடை! இழுப்பவரைக் காட்டை விட்டே விரட்டுவேன்!"

எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். நெட்டைவாலனும் கைதட்டியது. கைதட்டும்போதே அதன் நாக்கு நமநமத்தது.

நரி கடையைப் பாறைக் குகைக்குள் மாற்றியது. "ஆபத்தான தொழில் அப்பா! இனி ஒரு சுருட்டுக்கு மூன்று பழம்!" என்றது.

முன்பு குரங்கு மரத்தின் மேலிருந்தே புகைக்கும். இப்போது புகை தெரிந்தால் மாட்டிக்கொள்ளுமே! அதனால் இறங்கி, புதர் புதராகப் பதுங்கி, குகைக்கு ஓடியது. நாளுக்குப் பத்து முறை மரம் காலியாகக் கிடந்தது.

புலி அதைக் கவனித்துக்கொண்டே இருந்தது. ஒரு மதியம் பாய்ந்தது. பொட்டழகி கிழிந்த காதோடு, நூலிழையில் தப்பியது.

குரங்கு திரும்பி வந்தபோது மரத்தடியில் ரத்தம் சொட்டச் சொட்டப் பொட்டழகி நின்றிருந்தது.

"எங்கே போனாய் அண்ணே? உன்னை நம்பித்தானே தலையைக் குனிந்து மேய்கிறோம்!"

 நெட்டைவாலன் நேராக யானையிடம் போய் உண்மையைக் கொட்டிவிட்டது.

"நடையைக் கட்டு!" என்று யானை பிளிறியது.

"இதை விரட்டினால் மரத்தில் யார் ஏறுவது? நீங்களா?" என்று பின்னாலேயே வந்த பொட்டழகி கேட்டது.

யானை மரத்தைப் பார்த்தது. தன் காலையும் பார்த்தது. "சரி, அப்படியென்றால் தடையை எடுத்துவிடட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் தலைவி!" என்று குரங்கே பதறியது. "எடுத்தால் என் குட்டிகளும் கற்றுக்கொள்ளும். விற்பவனை விரட்டுங்கள். என்னை விரட்டாமல், விட்டொழிக்க உதவுங்கள்!"

யானை குகைக்குப் போய்த் தணலின் மேல் தண்ணீரைப் பீய்ச்சியது. நரி நனைந்த வாலோடு அடுத்த மலைக்கு ஓடியது.

விடுவது லேசாக இல்லை. "பொட்டழகி! ஆசை வந்துவிட்டது!" என்று குரங்கு மேலிருந்து கத்தும்.

"மறுபடியுமா? இப்போதுதானே வந்தது!" என்று சிரித்துக்கொண்டே மான் கரையிலிருந்து புளியாரைக் கீரையைக் கவ்வி வரும். குரங்கு தாழ்ந்த கிளைக்கு வந்து வாங்கி மெல்லும். புளிப்பில் அதன் முகம் கோணும். மான்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கும். அதற்குள் ஆசை அடங்கிவிடும்.

மழைக்காலம் முடிவதற்குள் இருமல் நின்றது. ஒரு நாள் புலி புல்லுக்குள் ஊர்ந்து வந்தது.

"க்கா! க்கா! க்கா!"

காடே அதிர்ந்தது. ஒரு மான்கூடச் சிக்கவில்லை, எல்லாம் ஓடிவிட்டன.

புலி பசியோடு அடுத்த மலைக்கே நடந்து நரியைப் பிடித்துக்கொண்டது. "ஏனடா கடையை மூடினாய்? உன்னால்தானே நான் வயிறாரச் சாப்பிடலாம் என்றிருந்தேன்!"

நஞ்சை விற்பவனைத் தடுக்கச் சட்டம் வேண்டும். அதில் சிக்கியவனை மீட்கவோ, அவனுடைய மனஉறுதியோடு சுற்றியிருப்பவர்களின் அன்பும் சேர வேண்டும்.