முதல் வரியில நின்ன பிரேக்பாயின்ட்

எங்க காலேஜ் ஒர்க்‌ஷாப்ல பிரஸ் மெஷின் தானா இறங்கி, அத ஓட்டுற அந்தோணிமுத்து அண்ணனோட வலது கையில மூணு விரல நசுக்கிடுச்சு. மெஷினுக்கான புரோகிராம எச்ஓடி வரதராசனும் மாணவி பூங்கோதையும் எழுதினாங்க. மாட்டினது பூங்கோதை. எச்ஓடி எந்தக் காலத்துல மாட்டியிருக்காரு?

விசாரணைக் கமிட்டி முன்னாடி அவரு பூங்கோதை எழுதின வரில பிரேக்பாயின்ட் வெச்சாரு. புரோகிராம் அந்த வரிக்கு வந்தா நிக்கணும். பிரஸ் இறங்குற நொடியில அங்கதான் நின்னுச்சு.

"பிரேக்பாயின்ட் பொய் சொல்லாதும்மா. டிசிய வாங்கிட்டுக் கிளம்பு."

"சரி சார். இத எடுத்துட்டு முதல் வரில வைங்க."

"அது வெறும் குறிப்பு. மெஷின் அத ஓட்டவே ஓட்டாது."

"வைங்களேன்."

வெச்சாரு. பிரஸ் இறங்குச்சு. புரோகிராம் முதல் வரில நின்னுச்சு. அங்க இருந்தது, 'வழிகாட்டி: முனைவர் வரதராசன்.'

"அப்ப விரல நசுக்கினது உங்க பேரா சார்? நாம எழுதுறத மெஷின் மொழிக்கு மாத்துற கம்பைலர், எது எத்தனாவது வரின்னு எழுதித் தர்ற பட்டியலே தப்பு. வேகம் வேணும்னு நீங்க கம்பைலர்ல போட்ட செட்டிங்தான் வரிய மாத்திக் குழப்புது. அத எடுத்துட்டு ஓட்டுறேன், பாருங்க."

ஓட்டினா. இந்தத் தடவை நின்னது, கைய கவனிக்கிற சென்சார அணைச்ச வரில. அத எழுதினது வரதராசன்.

கமிட்டி உடனே அறிக்கை எழுதுச்சு: 'கம்பைலர் கோளாறு. எவர்மீதும் குற்றமில்லை.'

அந்தோணிமுத்து அண்ணன்கிட்ட நீட்டினாங்க. இடது கையால கையெழுத்துப் போட்டாரு.