பெரிய தீவு

“மக கல்யாணப் பத்திரிகை இன்னைக்கு அச்சுக்குப் போகுதுங்க டீச்சர். மண்டை பூரா அதுலதான் இருக்கு. மேப்பு இன்னொரு நாள் பார்த்துக்கலாமே.”

செங்கோடன் காய்கறி வியாபாரி. மகள் கல்யாணத்துக்கு நிற்கிற வயதில் புவியியல் பட்டப்படிப்பில் சேர்ந்திருந்தார். பரிமளா டீச்சருக்கு அந்த மகள் வயதுதான்.

“பத்திரிகையில என்ன சிக்கல்?”

“எம் பேருக்கு மேல எங்க அண்ணன் பேரைப் போடணுமாம். வீட்டுக்காரி பிடிவாதம். அவர் மார்க்கெட் மூலையில கொத்தமல்லிக்கட்டு விக்கிறவருங்க. நான் வாசல் கடைக்காரன். முட்டி மோதித் தனியா மேல வந்தவன்.”

டீச்சர் கணினியைத் தொட்டு அவர் பக்கம் திருப்பினார். நீலக் கடல். நடுவே எரிமலைத் தீவுகள், ஒரே வரிசையில்.

“இதுல பெரியவர் யாருங்க?”

“இதென்ன எல்கேஜி கேள்வி? உச்சியில புகையுதே, இவர்தான். அந்தக் கோடியில கிடக்கிறது பொடிப்பய.”

“தொட்டுப் பாருங்க. வயசு காட்டும்.”

தொட்டார். புகைகிற மலைக்குத்தான் வயது குறைவு. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். தீவு சிறுக்கச் சிறுக்க வயது ஏறியது. கோடியில் கிடந்த துணுக்குதான் எல்லாவற்றுக்கும் மூத்தது.

“மேப்புக்காரன் மாத்திப் போட்டுட்டான் டீச்சர்.”

“இல்லைங்க. நெருப்பு ஒரே இடத்துலதான் இருக்கு. கடலோட அடித்தரைதான் மெல்ல நகருது. நெருப்பு மேல நிக்கிற வரைக்கும் மலை வளரும். தள்ளிப் போயிட்டா மழையும் அலையும் கரைச்சிடும். மெல்ல அமிழ்ந்தும் போகும்.”

“அப்ப இந்தப் பொடிப்பய?”

“இப்ப பெரியவர் நிக்கிற இடத்துல ஒரு காலத்துல நின்னவர்.”

செங்கோடனின் விரல் திரையிலேயே நின்றுவிட்டது.

மார்க்கெட் வாசலில் முதன்முதலில் சாக்கு விரித்தவர் அண்ணன். தம்பி வேலையில்லாமல் வந்து நின்ற அன்று, அந்தச் சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “நீ இங்க உட்காருடா. நான் உள்ளே எங்கியாவது இடம் பார்த்துக்கிறேன்.”

செங்கோடன் கோடியில் கிடந்த துணுக்கைத் தொட்டுக் காட்டினார்.

“இதுக்குப் பேரு கீரு இருக்குங்களா டீச்சர்? ஒண்ணும் எழுதிக் காணோமே.”

“இருக்குங்க. கிட்டப் போனாத்தான் தெரியும்.”

செங்கோடன் இரண்டு விரலால் விரித்தார். கடல் விலகிக்கொண்டே போனது. துணுக்கு தீவாயிற்று. அதன்மேல் மெல்ல ஒரு பெயர் வந்து நின்றது.

அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைபேசியை எடுத்து அச்சகத்துக்குப் போட்டார்.

“யோவ், மெஷினை நிறுத்துய்யா. எம் பேருக்கு மேல இடம் விடு.”