பத்தடிக்குள்

மலைமேல் இருந்த அந்த அரசு மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொண்டவர் ஷமீமா. வயது இருபத்தெட்டு. அவரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தவர் தேவசகாயம். வயது ஐம்பத்துமூன்று. எக்ஸ்ரே பிரிவிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஷமீமாவை அவர் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் மதியம், படியில் உருண்டு விழுந்த ஐந்து வயது மகளைத் தூக்கிக்கொண்டு பாண்டிச்செல்வி ஓடிவந்தாள். குழந்தையின் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். படத்தை நகரத்தில் இருக்கும் நிபுணருக்கு அனுப்ப வேண்டும். உள்ளே ரத்தக் கசிவு இருந்தால் நாலு மணி நேர மலைப்பாதையில் குழந்தையைக் கீழே கொண்டுபோக வேண்டும்.

படம் போகவில்லை.

ஷமீமா கணினி அறைக்கு வந்தபோது தேவசகாயத்தின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

“என்ன செஞ்சீங்க சார்?”

“நகரத்து சர்வரை இந்தக் கம்ப்யூட்டர்லேருந்து நாப்பது தடவை கூப்பிட்டுட்டேன் டீச்சர். பதிலே இல்ல. மலையில எங்கயோ கேபிள் அறுந்திருக்கு.”

“நம்ம ரூட்டரைக் கூப்பிட்டீங்களா?”

“அது இந்தச் சுவத்துல மாட்டியிருக்கற பெட்டிதானே!”

“கூப்பிடுங்க.”

தேவசகாயம் ரூட்டரின் எண்ணைக் கணினியில் தட்டினார். இருவரும் திரையையே பார்த்தார்கள். அதுவும் பதில் சொல்லவில்லை.

“நல்லதாப் போச்சு” என்றார் ஷமீமா.

தேவசகாயத்துக்குக் கோபம் வந்தது. “பக்கத்துல இருக்கறதே பேச மாட்டேங்குது. இதுல என்ன நல்லது?”

“மலையில அறுந்திருந்தா நான் என்ன செய்ய முடியும்? இந்தக் கோளாறு பத்தடிக்குள்ள இருக்கு.”

ஷமீமா மண்டியிட்டுக் கணினியின் பின்பக்கம் பார்த்தார். கேபிள் செருகும் இடத்தில் எரிய வேண்டிய சின்ன விளக்கு எரியவில்லை. கேபிள் முனையின் கிளிப் உடைந்து, பாதி வெளியே வந்திருந்தது. அழுத்தினார். டிக் என்றது. பச்சை விளக்கு மினுக்கத் தொடங்கியது.

“இப்பக் கூப்பிடுங்க.”

ரூட்டர் உடனே பதில் சொன்னது. நாலு தடவை.

படம் போனது. இருபது நிமிடத்தில் நிபுணர் போனில் வந்தார். கசிவு இல்லை, நாளைவரை அங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

செய்தி கேட்ட பாண்டிச்செல்வி கணினி அறை வாசல் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“டீச்சர், நீங்க இல்லாதப்ப இப்படி ஆனா நான் எங்கேருந்து ஆரம்பிக்கணும்?”

ஷமீமா புதுக் கேபிள் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“அந்தம்மா காலையிலேருந்து ஏதாவது சாப்பிட்டாங்களா சார்?”

“தெரியலையே.”

“ஒரு மணி நேரமா நம்ம கதவுகிட்ட, பத்தடிக்குள்ளதான் நின்னுட்டிருந்தாங்க.”

தேவசகாயம் எழுந்து வெளியே போய், “ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?” என்று பாண்டிச்செல்வியிடம் கேட்டார்.