பஜ்ஜி மடித்த தாள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர் சிற்றம்பலம். நல்ல மனிதர்தான், ஆனால் தன் புரோகிராமைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மின்விசிறிகூட நின்று கேட்க வேண்டும். சரக்கு கப்பல் ஏறியதும் முதலாளி பெயரில் வெளிநாட்டுக்குத் தானாக மெயில் அனுப்பும் புரோகிராம் அது.

"முதலாளியோட பாஸ்வேர்டை உள்ளயே எழுதிட்டேன். யாரும் எதுவும் டைப் அடிக்க வேண்டாம்!" என்றார்.

"யாராச்சும் பாத்துட்டா, அவர் பேர்ல அவங்களும் மெயில் அனுப்புவாங்களே சார்?" என்றாள் புதிதாகச் சேர்ந்த தெய்வானை.

"மெயில் போற வழியெல்லாம் பூட்டு போட்டிருக்கேன். என் கம்ப்யூட்டரைத் தொடாம நாளைக்குள்ள அந்தப் பாஸ்வேர்டைக் கொண்டா பாக்கலாம். இல்லைன்னா இந்தப் பேச்சையே விட்டுடணும்!"

மறுநாள் நாலு மணிக்குத் தெய்வானை சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜி கொண்டுவந்து வைத்தாள்.

"பாஸ்வேர்டு எங்கே?"

"சாப்பிடுங்க சார், வந்துரும்."

மூன்றாவது பஜ்ஜியை எடுத்ததும், அடியில் இருந்த தாளில் எண்ணெயோடு பளபளத்தது அவருடைய புரோகிராம். பிழை பார்க்க பிரிண்ட் எடுத்து அவர் வீசிய தாளெல்லாம் பழைய பேப்பரோடு எதிரில் இருந்த பஜ்ஜிக் கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. பாஸ்வேர்டின் மேல் மட்டும் கொஞ்சம் சட்னி.

சிற்றம்பலத்துக்கு விக்கல் எடுத்தது. தெய்வானை தண்ணீர் கொடுத்தாள்.

"இப்ப என்னம்மா பண்றது?"

"பாஸ்வேர்டை மாத்திட்டு, புதுசை புரோகிராமுக்கு வெளியே தனியா பூட்டி வைக்கலாமுங்க. ஓடும்போது மட்டும் அது எடுத்துக்கும்."

"சரி, நாளைக்குச் செய்வோம்."

"இப்பவே செஞ்சுடலாமுங்க சார். பக்கத்துக் கம்பெனிக்குக் கடைக்கார அண்ணன் நாப்பது பஜ்ஜி மடிச்சிட்டிருக்காரு."